முப்பிடாதியின் வாயும் நாற்பத்தெட்டுக் காதுகளும்

மண்ணூர் மகளிர் விடுதியில் முப்பிடாதியைப் பற்றி இரண்டு கருத்துகள் கிடையாது. அவள் காதில் ஒரு சேதி விழுந்தால், அடுத்த ஷிப்ட் பேருந்து வந்து நிற்பதற்குள் அது நான்கு மாடிக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்பதே அந்த ஒரே கருத்து. அதை அவளும் மறுத்ததில்லை. சேதி என்பது தோசை மாவு போல, வைத்திருந்தால் புளித்துவிடும் என்று அவளே விளக்கம் சொல்லியிருக்கிறாள்.

சங்கரன்கோவிலுக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, குலசாமியின் பெயரையும் ஒரு தகரப் பெட்டியையும் சுமந்துகொண்டு இங்கே வந்தவள். இப்போது இருபத்தெட்டு வயது. கைப்பேசி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. அங்கே அவள் பார்க்கும் வேலை மகத்தானது. புதிதாகப் பிறந்து வரும் ஒவ்வொரு போனையும் சத்தம் புகாத ஒரு பெட்டிக்குள் படுக்கவைத்து மூடுவாள். பெட்டி இடி முழக்கத்தில் தொடங்கிக் கொசுவின் ரீங்காரம் வரைக்கும் வரிசையாகச் சத்தம் எழுப்பும். போன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டால் பச்சை விளக்கு, கேட்காவிட்டால் சிவப்பு. செவிட்டுப் போன்கள் சிவப்புத் தட்டுக்குப் போகும். ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் காதுகளை இப்படித் தேர்ச்சி பெறவைத்து அவள் உலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"காது டாக்டர் மாதிரின்னு வச்சுக்கோயேன்" என்று அம்மாவிடம் ஒரு தடவை சொன்னாள். அம்மா 'மாதிரி'யை விட்டுவிட்டு மற்றதை ஊரில் சொன்னாள். அந்தப் பொங்கலுக்கு முப்பிடாதி ஊருக்குப் போனபோது காதில் சீழ் வடியும் பிள்ளைகளுடன் இரண்டு தாய்மார்கள் வாசலில் காத்திருந்தார்கள்.

இத்தனை காதுகளைச் சோதித்தவள், அவை வெளியே போய் எதைக் கேட்கின்றன, யாருக்காகக் கேட்கின்றன என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. உற்பத்தி லைனில் ஒவ்வொருத்தி நிற்கும் இடத்துக்கும் ஸ்டேஷன் என்று பெயர், அது அவளுடைய ஸ்டேஷன் வேலை இல்லை. லைனில் அடுத்த ஸ்டேஷன் வேலையில் மூக்கை நுழைப்பவர்களைச் சூப்பர்வைசருக்குப் பிடிக்காது.

அவளுடைய உயிர்த்தோழி இசக்கிசெல்வி. பக்கத்து ஊர்க்காரி, ஒரே நாளில் ஒரே பேருந்தில் வந்தவள், பதினாலாம் அறையில் கீழ்க்கட்டில்காரி. ஒரு நாளைக்கு ஒரு மனுஷிக்கு இருபது சொல் போதும் என்பது அவள் கொள்கை. மிச்சத்தை அவளுக்கும் சேர்த்து மேல்கட்டிலில் இருந்தவள் பேசிவந்தாள். இருவருக்கும் ஷிப்ட் மாறிப்போன இரண்டு மாதங்களாக ஒருத்தி உள்ளே வரும்போது மற்றவள் வெளியே போவாள். ஒரே அறையில் இருந்துகொண்டு இருவரும் போனில்தான் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பேச்சுக்கு வசதி செய்து தந்தவர், அவர்களை வேலைக்கு எடுத்த ஒப்பந்த நிறுவனத்தின் விடுதி மேலாளர் பாபு சார். விடுதியின் சுவர் கனம், ஜன்னல் சிறிது, உள்ளே சிக்னல் நுழையாது. பாபு சார் இலவச வைஃபை போட்டார். அந்த வைஃபையில் வேறு எந்தச் செயலியிலும் பேச்சு எடுபடாது. ஒப்பந்த நிறுவனமே தயாரித்த 'நம்ம குடும்பம்' என்ற செயலி மட்டும்தான் ஓடும். பேருந்து எங்கே வருகிறது, நாளைக்கு என்ன குழம்பு என்பதெல்லாம் அதில் தெரியும். அதிலேயே அரட்டை அடிக்கலாம், அம்மாவின் போனிலும் போட்டுவைத்தால் ஊருக்கு இலவசமாகக் கூப்பிடலாம். நாற்பத்தெட்டுப் பெண்களும் பாபு சாரைத் தங்கமான மனுஷன் என்றார்கள். தகரப் பெட்டிக்கு ஒரு பூட்டு, பெட்டிக்குள்ளிருக்கும் நார்த்தங்காய் ஊறுகாய் டப்பாவுக்கு இன்னொரு பூட்டு என்று வாழ்ந்த ஜனங்கள், பேச்சை மட்டும் பூட்டில்லாத பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள்.

பிறகு விடுதியில் ரகசியங்கள் கசியத் தொடங்கின. தண்ணீர்த் தொட்டியைக் கழுவவில்லை என்று மனு எழுத ஏழு பேர் பேசிக்கொண்டதை, மனுவுக்குத் தாள் வாங்குவதற்கு முன்பே பாபு சார் தெரிந்துவைத்திருந்தார். வயிற்றுவலி என்று விடுப்பு எடுத்துக் ஊர்க்கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போன ஒருத்தியிடம், "கொடை நல்லா நடந்துச்சாம்மா?" என்று விசாரித்தார். இன்னொருத்தியின் காதல், அவள் காதலனுக்கே சரியாகத் தெரியாத நிலையில், அவளுடைய அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. யார் சொன்னது என்று விடுதி கூடி ஆராயவில்லை. தியேட்டரில் இருமல் கேட்டால் இருமல்காரரைத் திரும்பிப் பார்ப்பது மாதிரி, நாற்பத்தேழு பேரும் முப்பிடாதியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன் என்று அவளுக்கே ஒரு நினைப்பு.

இசக்கிசெல்வியின் விஷயம் அப்படிச் சிரித்துத் தள்ளக்கூடியதாக இல்லை.

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். மாதா மாதம் புதுப்பிப்பார்களா என்று பயந்து சாகும் ஒப்பந்த வேலை இல்லை அது, நிரந்தர வேலை. புதன்கிழமை நேர்காணல். ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து கூப்பிட்டு, பேருந்தில் வந்துகொண்டிருந்த முப்பிடாதியிடம் இசக்கிசெல்வி அதைச் சொன்னாள். அன்றைக்கு அவள் பேசிய சொற்கள் நாற்பதைத் தாண்டின. அவ்வளவு சந்தோஷம். முப்பிடாதி தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சேதியைப் புளிக்கவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

செவ்வாய்க்கிழமை பாபு சார் இசக்கிசெல்வியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். புதன்கிழமை அவளுக்குக் கட்டாய ஓ.டி. என்றார். ஒரகடம் ரோட்டில் இப்போது தூசி ரொம்ப, உடம்புக்கு ஆகாது என்று அக்கறையாகச் சொன்னார். அந்த மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிப்பதாக இல்லை என்பதையும் குடும்பத்துப் பெரியவர் மாதிரி வருத்தத்தோடு தெரிவித்தார்.

இசக்கிசெல்வி அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். முப்பிடாதி அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள்.

"ஒனக்கு மட்டுந்தானட்டி சொன்னேன்."

"ஏட்டி, நான் சொல்லல. எங்கம்மை மேல சத்தியமா சொல்லல."

"அப்ப செவுரு சொல்லிச்சா?"

அதற்குப் பிறகு இசக்கிசெல்வி தன்னுடைய இருபது சொற்களில் ஒன்றைக்கூட அவளுக்குச் செலவழிக்கவில்லை. கீழ்க்கட்டிலுக்கும் மேல்கட்டிலுக்கும் நடுவே ஒரு சேலையைத் திரையாகக் கட்டினாள்.

முப்பிடாதி ஆடிப்போனாள். ஊரே சேர்ந்து வாய்க்காரி என்றால் சிரிக்கலாம், இசக்கி சொன்னால் எப்படிச் சிரிப்பது? பழக்கதோஷத்தில் அவள் தன்னையே சந்தேகப்பட்டாள். தூக்கத்தில் பேசுகிறேனா என்று அறைத் தோழிகளிடம் கேட்டாள். நீ தூங்குவதற்கே எங்கே நேரம் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். கடைசியில், பெயர் தெளியும் வரைக்கும் ஒரு சொல் பேசுவதில்லை என்று முப்பிடாதியம்மனை வேண்டி மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டாள். ஒரே ஒரு விதிவிலக்கு அம்மா. பேசாவிட்டால் அம்மா கிளம்பி வந்துவிடுவாள். அதனால் தினமும் ஐந்து நிமிஷம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், பக்கத்தில் ஈ காக்கை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, 'நம்ம குடும்பம்' வழியாகக் கிசுகிசுப்பாள்.

முப்பிடாதி பேசாத விடுதி எப்படி இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். முதல் நாள் எல்லோரும் தொண்டைக்கட்டு என்று நினைத்துச் சுக்கு கொடுத்தார்கள். இரண்டாம் நாள் சாப்பாட்டுக்கூடத்தில் கரண்டிச் சத்தம் கேட்டது. அப்படி ஒரு சத்தம் அங்கே உண்டு என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. தொழிற்சாலையில் அவளுடைய லைனின் எண்ணிக்கை கூடியது. காரணத்தைக் கண்டுபிடித்த சூப்பர்வைசர், மஞ்சள் கயிறு எல்லோருக்கும் வாங்கித் தர ஏதாவது நிதி உண்டா என்று மேலிடத்தில் விசாரித்ததாகப் பேச்சு.

ஆறாம் நாள், ஒன்பதாம் அறைக்காரர்கள் சாம்பாரைப் புறக்கணிப்பது என்று தங்களுக்குள் அரட்டையில் முடிவு செய்தார்கள். மறுநாள் காலைச் சாப்பாட்டில் பாபு சார், சாம்பாரின் சத்துகள் பற்றி எழுதியே கொண்டுவந்து பேசினார். ஆறு நாளாக வாய் திறக்காத ஒருத்தி அதைச் சொல்லியிருக்க முடியாது என்பது யாருக்கும் தோன்றவில்லை. ஜாடையில் சொல்லியிருப்பாள் என்று தீர்மானித்தார்கள். அவள் கையை வீசி நடப்பதையே அதற்குப் பிறகு கண்காணிக்க ஆரம்பித்தார்கள். முப்பிடாதி கையைக் கட்டிக்கொண்டு நடந்தாள்.

பதினோராம் நாள் காலை. நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்தாள் பாஞ்சாலி. மண்ணூரிலேயே பிறந்து மண்ணூரிலேயே வாக்கப்பட்டவள், நாற்பத்தைந்து வயது, விடுதிக்கும் அலுவலக அறைக்கும் சேர்த்துத் துப்புரவு வேலை. யாரைப் பார்த்தாலும் ஒரு நலம் விசாரிக்காமல் விடமாட்டாள். ஈரத்தில் கால் வைக்காமல் ஓரமாகப் போன முப்பிடாதியை நிறுத்தினாள்.

"இன்னாமே, உன் தம்பிக்கு மூலம் ஆப்ரேஷன் ஆச்சே, இப்ப ஒழுங்கா ஒக்கார்றானா?"

முப்பிடாதி நின்றுவிட்டாள். தம்பி நம்பிராஜனுக்குப் பாளையங்கோட்டையில் அறுவை சிகிச்சை நடந்தது உண்மை. கல்யாணம் ஆகாத பையன், வெளியே தெரிந்தால் பெண் கிடைக்காது என்று சொந்தக்காரர்களுக்குக்கூடக் குடலிறக்கம் என்று சொல்லிவைத்திருந்த விஷயம். அம்மாவும் அவளும் தொட்டிக்குப் பின்னால் பேசியதைத் தவிர அந்தச் சொல் எங்கேயும் உச்சரிக்கப்படவில்லை.

பதினோரு நாள் விரதம் ஒரு கேள்வியில் முடிந்தது. "யக்கா, ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யார் சொல்லணும்? நீதான் உங்கம்மாகிட்ட பேசிக்கினு இருந்தியே. ஆபீஸ் ரூமுல பெருக்கசொல்ல கேக்கும்ல. அந்த பாபு டீய குட்ச்சிகினே கம்ப்யூட்டர்ல போட்டு கேட்டுகினு இருப்பான். தினம் ஒரு ரூமு." பாஞ்சாலி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "இருபத்திரண்டாம் நம்பர் ரூம் பொண்ணு கீதே, அதும் மாமியா செம ராங்கி. அந்த பொண்ணு லீவுல போய்ட்டா எனக்கு போரடிச்சிபூடும்."

முப்பிடாதி ஈரத்தில் கால் வைத்து அவள் அருகே வந்தாள். "எங்ககிட்ட ஏங்க்கா சொல்லல?"

"இன்னாத்த சொல்றது? வாசல்ல கேமரா கீது, தெரியும்ல உங்களுக்கு? அத்த மாரி இதுவும் தெரிஞ்சேதான் பேசிக்கினு கீறீங்கன்னு நெனச்சேன்." பாஞ்சாலியின் முகமும் மாறியது. "மெய்யாலுமே தெரியாதா கண்ணு?"

நடைபாதையில் ஈரம் காயும் வரைக்கும் முப்பிடாதி அங்கேயே நின்றாள். அம்மாவின் குரல், தம்பியின் வியாதி, இருபத்திரண்டாம் அறையின் மாமியார், இசக்கியின் நாற்பது சொற்கள், எல்லாம் ஒரு டீக்கோப்பைக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றிருக்கின்றன. ஆத்திரம் வருவதற்கு முன்பே வேறொன்று ஞாபகம் வந்தது.

'நம்ம குடும்பம்' செயலியை எல்லோருக்கும் போட்டுத் தந்த நாள். பாபு சார் நாற்பத்தெட்டுப் போன்களுக்கும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார். அதைக் கேட்டதும் பெண்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. லைனில் நிற்கிற ஜனங்களிடம் ஒரு மணி நேரக் கணக்கா? சாப்பாட்டு மேசையை லைனாக மாற்றினார்கள். ஒருத்தி போன் பூட்டைத் திறப்பாள், அடுத்தவள் வைஃபையில் சேர்ப்பாள், அடுத்தவள் செயலியை இறக்குவாள். கடைசி ஸ்டேஷனில் கேள்விகள் வரும். ஒலிவாங்கியைப் பயன்படுத்தலாமா? அனுமதி. தொடர்புகளைப் பார்க்கலாமா? அனுமதி. உரையாடல்களைத் தர மேம்பாட்டுக்காகச் சேமிக்கலாமா? அனுமதி. அந்த ஸ்டேஷனுக்கு விடுதியிலேயே வேகமான கட்டைவிரல் வேண்டும் என்று ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் முப்பிடாதி. பதினெட்டு நிமிஷத்தில் நாற்பத்தெட்டு முடிந்தது. பாபு சார் கைதட்டினார். அவளுக்கு ஒரு ஐந்து ரூபாய்ச் சாக்லேட் பரிசாகக் கிடைத்தது. அதையும் பாதி இசக்கிக்குத்தான் கொடுத்தாள்.

வாய் செய்யாத குற்றத்தைக் கட்டைவிரல் செய்திருந்தது.

அன்று மத்தியானம் தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் ஷாரோனைப் பிடித்தாள். நாகர்கோவில் பெண், தரச் சோதனைப் பிரிவில் டிப்ளமோ எஞ்சினியர், வீட்டிலிருந்து கொண்டுவந்த மீன்குழம்பின் மேல்தான் எப்போதும் கவனம். முப்பிடாதி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். பதினோரு நாள் பாக்கி வேறு இருந்தது. ஷாரோன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள்:

"யக்கா, நீங்க பேசுனது அந்த ஆளு கம்ப்யூட்டர் வழியாத்தான் போவுது. பூட்டாம போவுது. போற வழியில பிரிச்சுப் பாத்துருக்கான், அவ்ளோதான். பேச்சு உங்க போன விட்டு கெளம்பும்போதே பூட்டுப் போடணும். சாவி உங்க ரெண்டு பேரு போன்ல மட்டுந்தான் இருக்கணும். நடுவுல எவன் உக்காந்தாலும் அவனுக்குப் பூட்டு மட்டுந்தான் தெரியணும். அதுக்குத்தான் என்க்ரிப்ஷன்னு பேரு."

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"இருக்கு. சும்மாதான் கெடைக்கும். ஆனா இந்த ஆளோட வைஃபையில அது ஓடாது. ஏன் ஓடாதுன்னு இப்ப வெளங்குதா?"

விளங்கியது. ஆயிரக்கணக்கான காதுகளை உலகத்துக்கு அனுப்பியவளுக்குப் பூட்டு என்று ஒன்று இருப்பதே இன்றைக்குத்தான் தெரிகிறது.

தனக்குத் தெரிந்துவிட்டது. இசக்கி நம்ப வேண்டுமே. பாஞ்சாலியைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அவள் வேலை போய்விடும். இந்த இடத்தில் முப்பிடாதிக்குத் தொழில் கைகொடுத்தது. ஒரு காது கேட்கிறதா என்று அறிய அதனிடமே போய்க் கேட்கக் கூடாது. தெரிந்த ஒரு சத்தத்தை அதன் பக்கத்தில் எழுப்பிவிட்டு, விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். உலகத்தில் வேறு எங்கும் இல்லாத சத்தமாக இருந்தால் உத்தமம்.

சாயங்காலம் கீழ்க்கட்டில் திரையை விலக்கினாள். "நீ ஏங்கூடப் பேச வேண்டாம். இப்ப மொட்டை மாடியிலேருந்து ஒரு போன் வரும். எடுத்து, உம்னு மட்டும் சொல்லு. அப்புறம் நீ இங்கேருந்து போற வரைக்கும் ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

இசக்கிசெல்வி திரையை மறுபடி இழுத்துவிட்டாள். ஆனால் போன் வந்தபோது எடுத்தாள்.

"ஏட்டி" என்றது முப்பிடாதியின் குரல், மாடியிலிருந்து. "யார்ட்டயும் சொல்லிறாத. தண்ணித் தொட்டிக்குள்ள நல்ல பாம்பு ஒண்ணு கெடக்கு. நான் கண்ணால பாத்தேன்."

"உம்" என்றாள் இசக்கிசெல்வி.

மறுநாள் காலை ஆறரைக்கு ஏணி வந்தது. கூடவே இரண்டு ஆட்களும், கொக்கிக் கம்போடு ஒரு பாம்புபிடிக்காரரும், கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்ட பாபு சாரும் வந்தார்கள். ஆறு மாதமாக மூன்று மனுக்களுக்கு அசையாத தொட்டி, எட்டு மணிக்குள் அடிவரைக்கும் காலியானது. பாம்பு இல்லை. பாம்பைத் தவிர மற்ற எல்லாம் இருந்தன. ஒற்றைச் செருப்பு, செத்து வெகுநாளான புறா, பெயர் சொல்ல முடியாத பச்சை நிறத்தில் ஒரு கனத்த படிவு. இவ்வளவு நாள் அதைத்தான் குடித்தோம் என்று ஷிப்டுக்குக் கிளம்பி நின்ற பெண்கள் வாயைப் பொத்தினார்கள். ஒருத்தி குழாயடிக்கு ஓடினாள், எங்கே ஓடுகிறோம் என்று உணர்ந்து பாதியில் நின்றாள்.

இசக்கிசெல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சார், தொட்டிக்குள்ள பாம்புன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்கம்மா."

"அப்படி ஒண்ணு கெடையவே கெடையாது. போன்ல சொன்ன பொய்யி அது. சொன்னது ஒருத்தி, கேட்டது நான் ஒருத்தி. மூணாவதா நீங்க எப்படி வந்தீய?"

பாபு சார் மடித்த கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். மனுஷருக்கு அதிர்ச்சிதான். ஆனால் பிடிபட்டோமே என்ற அதிர்ச்சி இல்லை. இதைப் போய்க் கேள்வி கேட்கிறார்களே என்ற அதிர்ச்சி. எல்லாம் பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்றார். பெற்றவர்கள் நம்பி அனுப்பியிருக்கிறார்கள் என்றார். குடும்பத்துக்குள் என்ன ரகசியம் என்றார். கடைசியாக, நாற்பத்தொரு பக்க நிபந்தனைகளில் எல்லாம் தெளிவாக இருக்கிறது, நீங்கள்தானே சம்மதித்தீர்கள், ஒவ்வொரு போனிலும் 'அனுமதி'யை அமுக்கியது நானா என்று கேட்டார்.

யார் அமுக்கியது என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. நாற்பத்தேழு பேரும் மறுபடியும் முப்பிடாதியைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்தத் தடவை வாயை இல்லை.

"நான்தான் அமுக்குனேன்" என்றாள் முப்பிடாதி. "வாசிக்கல. ஒருத்தி போன்லகூட வாசிக்கல. வேகமா முடிக்கணும்னு மட்டுந்தான் நெனச்சேன்." இசக்கியைப் பார்த்துச் சொன்னாள். "ஒன் சேதிய நான் சொல்லல. ஆனா அவரு கேக்கதுக்குக் கதவத் தொறந்து விட்டது நாந்தான்."

பேருந்து ஹாரன் அடித்தது. எல்லோரும் கலைந்தார்கள்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டுக்கூடத்தில் கூடிய கூட்டம், மனித குலத்தின் மீது நம்பிக்கை வைத்திருப்பவர்களைக் கொஞ்சம் சோதிக்கக்கூடியது. இருபது பேர் உடனே செயலியை அழிக்க வேண்டும் என்றார்கள். பத்துப் பேர் அழுதார்கள். தாங்கள் எதையெல்லாம் பேசினோம் என்று நினைத்துப் பார்த்து, நினைக்க நினைக்க இன்னும் அழுதார்கள். மிச்சம் இருந்தவர்களில் ஒரு பிரிவு வேறு மாதிரி யோசித்தது. புகார்ப் பெட்டியை யாரும் திறப்பதில்லை, போனைத் தினமும் கேட்கிறார்கள். எனவே மின்விசிறியில் கரடி இருப்பதாகவும் சாம்பாரில் வெடிகுண்டு இருப்பதாகவும் போனில் பேசினால் இரண்டும் சரியாகிவிடுமே என்றது. யோசனையைச் சொன்னவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாமியார் கதைக்குச் சொந்தக்காரியான இருபத்திரண்டாம் அறைப் பெண் எழுந்து, "நான் ராத்திரி முழுக்க அழுததையும் அவரு டீ குடிச்சிட்டே கேட்டிருக்காரு" என்று ஒரே வாக்கியம் சொன்னாள். அதற்குப் பிறகு கரடியைப் பற்றி யாரும் பேசவில்லை.

மறுபடியும் மேசை லைனானது. இந்தத் தடவை ஷாரோனும் வந்திருந்தாள். முதல் ஸ்டேஷனில் 'நம்ம குடும்பம்' அழிந்தது. இரண்டாவதில் போனுக்கே புதுக் கடவு எண். மூன்றாவதில் இரு முனையிலும் பூட்டுப்போடும் செயலி. கடைசி ஸ்டேஷனில் 'அனுமதி'. அதை அவரவரே உட்கார்ந்து, வாசித்து, அவரவர் விரலால் அமுக்கினார்கள். பதினெட்டு நிமிஷ வேலைக்கு இந்தத் தடவை மூன்று மணி நேரம் பிடித்தது. யாரும் கைதட்டவில்லை. வைஃபை போனது. சிக்னலுக்காக மாடியேற வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் நாற்பத்தோரு பேர் கையெழுத்திட்ட மனு கலெக்டர் அலுவலகத்துக்குப் போனது. ஏழு பேர் கடைசி நேரத்தில் பயந்துவிட்டார்கள். மனுவைப் பெற்றுக்கொண்ட குமாஸ்தா அதைப் படித்துவிட்டுத் தன் மேசை மேலிருந்த போனை ஒரு தடவை உற்றுப் பார்த்தார், பிறகு கவிழ்த்து வைத்தார். ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். விசாரணை நடக்கிறதாம். பாபு சார் மாற்றலாகிப் போய்விட்டார், வேறொரு விடுதிக்கு.

இசக்கிசெல்வியின் ஒப்பந்தத்தை யாரும் புதுப்பிக்கவில்லை. போன நேர்காணலும் திரும்பி வரவில்லை. ஒரகடத்தில் இன்னொரு கம்பெனியில் வேலை கேட்டிருக்கிறாள், அங்கே ஒரு அறையில் இடம் கிடைத்திருக்கிறது. மாதக் கடைசி நாள், தகரப் பெட்டியோடு தண்டலம் நிறுத்தத்தில் நின்றாள். இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கிய தண்ணீர்ப் பாட்டிலோடு முப்பிடாதி நாலடி தள்ளி நின்றாள். பெட்டியைத் தூக்கிவிட ஆள் வேண்டும் என்பதால் வந்ததாக அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக அவளிடம் இசக்கி பேசவில்லை.

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இசக்கிசெல்வி போனை எடுத்தாள்.

"ஷாரோன் ஏதோ நம்பர் சொன்னாளே. ரெண்டு பேரு போன்லயும் ஒண்ணா இருக்கணும்னு."

"ஆமா. அறுவது நம்பர். ஒண்ணா இருந்தா நடுவுல வேற ஆளு இல்லன்னு அர்த்தமாம்."

"பொத்தான அமுக்குனதுக்கு ஒன் மேல கோவம் இருக்கு" என்றாள் இசக்கிசெல்வி. "சொல்லிட்டன்னு நெனச்சதுக்கு என் மேல கோவம் இருக்கு. ரெண்டும் கெடக்கட்டும். நீ வாசி, நான் பாக்கேன்."

முப்பிடாதி தன் போனில் எண்ணை எடுத்தாள். ஐந்து ஐந்தாகப் பன்னிரண்டு கூட்டம். வாயருகே கையை வைத்து ரகசியமாகத் தொடங்கினாள். இசக்கி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இந்த நம்பரை ஊருக்கே கேட்கும்படி வாசிக்கலாம், ஒன்றும் ஆகாது, ஷாரோன்தான் சொன்னாளே என்றாள். முப்பிடாதி குரலை உயர்த்தினாள். லைனில் இரண்டு பேர் நின்று பெட்டி எண்ணைச் சரிபார்க்கிற அதே ராகத்தில் ஒவ்வொரு ஐந்துக்கும் இசக்கி "சரி" என்றாள். "சரி." "சரி."

எட்டாவது கூட்டத்தில் ஒரகடம் பேருந்து வந்து, இவர்களை ஒட்டி நின்று உறுமியது. நடத்துநர் படியில் தொங்கியபடி பெட்டியைக் காட்டி ஏறச் சொன்னார். முப்பிடாதி வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

இசக்கிசெல்வி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கையால் பேருந்தைப் போகச் சொன்னாள். அது போய், புகை அடங்கியது.

"சத்தத்துல ஒண்ணுங் கேக்கல" என்றாள். "மொதல்லேருந்து வாசி."